நூலகத்துக்குச் சட்டம் தேடிய கணித ஆசிரியர்

எஸ்.ஆர். இரங்கநாதன் (1892 – 1972)

புலம்பெயர்ந்து வந்த முதலாண்டில் நம்மவர் பலர் அதிக நேரத்தைக் கழித்த கட்டடங்கள் இரண்டு. ஒன்று குடிவரவு அலுவலகத்தின் காத்திருப்புக்கூடம். மற்றையது நகரத்துப் பொதுசன நூலகம். முன்னையதில் இலக்கமிட்ட துண்டொன்றைக் கையில் பிடித்தபடி பெயர் அழைக்கப்படும்வரை அமர்ந்திருக்க வேண்டும். பின்னையதில் எவரும் நம்மை அழைப்பதில்லை. எவரும் நம்மை வெளியேறுமாறு சொல்வதுமில்லை. வெம்மையான ஓர் அறை, ஒரு நாற்காலி, அன்றைய நாளேடுகள், அந்நிய மொழியைக் கற்பதற்கு ஓர் அகராதி, பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதைநூல்கள் ஆகிய யாவும் ஒரு சதமும் கேளாமல் நமக்குக் கிடைத்தன.

அந்த நாற்காலிக்கும் விளக்குக்கும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து நமக்கு வழிகாட்டிய அந்தப் பெண்மணியின் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அது எவருடைய தருமமும் அன்று. வரியாகத் திரட்டப்பெற்று, சட்டத்தால் ஒதுக்கப்பெற்ற பொதுப்பணம் அது. அப்பெண்மணியும் பொழுதுபோக்காக அங்கு வந்து அமர்ந்தவர் அல்லர்; நூலகத் தொழிலை முறையாகப் பயின்றவர். நிலையான நிதி, பயிற்சி பெற்ற ஊழியர் என்னும் இவ்விரண்டும் இல்லாத நூலகம் நெடுநாள் நிலைக்காது என்பதைத் தமிழ் மண்ணில் முதன்முதலில் உரத்துச் சொல்லி, அதற்காகவே தம் வாழ்வின் நாற்பத்தெட்டு ஆண்டுகளைச் செலவிட்டவர் ஒருவர் இருந்தார். அவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன்.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர் சிறு நிலக்கிழார். ஊரவரைக் கூட்டி இராமாயணம் சொல்லும் வழக்கமுடையவர். தாயார் சீதாலட்சுமி. ஆறாவது வயதிலேயே தந்தையை இழந்த சிறுவனைப் பள்ளி ஆசிரியராயிருந்த பாட்டனார் சுப்பையர் ஆதரித்தார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் கற்ற காலத்தில் திக்குவாய்க் குறை அவரை வருத்தியது. பிற்காலத்தில் உலகின் பல நகரங்களில் மணிக்கணக்காக விரிவுரையாற்றியவரின் தொடக்கம் இவ்வாறு அமைந்தது.

பின்னர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்து 1913இல் இளங்கலைப் பட்டமும், 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே கணிதம் கற்பித்த ஸ்கொட்லாந்துக்காரரான பேராசிரியர் எட்வேர்ட் றோஸ் அவருக்கு வாழ்நாள் முழுவதும் குருவாகவே விளங்கினார். 1917இல் ஆசிரியப் பயிற்சியை முடித்த இரங்கநாதன் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளில் கற்பித்தார். 1921இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். கற்பித்தலே தமக்கு விதிக்கப்பட்ட தொழில் என்று அவர் முழுமையாக நம்பியிருந்தார்.

விரும்பாமல் ஏற்ற பதவி

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு முழுநேர நூலகர் ஒருவரை நியமிக்க முடிவு செய்தது. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 900 பேர். அவர்களுள் நூலகத் தொழிலை முறையாகக் கற்றவர் எவருமிலர். கல்லூரி ஆசிரியரின் ஊதியம் குடும்பத்துக்குப் போதாமையால், நண்பர்களின் தூண்டுதலின் பேரில் இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நூலகவியல் பற்றி அவர் அறிந்திருந்தது, நேர்முகத் தேர்வுக்குச் சற்று முன்னர் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரையளவே. ஆயினும் அவரே தெரிவானார். 1924 ஜனவரியில் பதவியேற்றார்.

பதவியேற்ற ஒரு வாரத்துக்குள்ளேயே அப்பதவி அவருக்குக் கசந்துவிட்டது. மாணவர்களின் ஆரவாரம் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு, வாசகர் வராத நூலகத்தின் தனிமை சிறைவாசம்போல் தோன்றியது. பழைய பணிக்கே திரும்ப அனுமதிக்குமாறு மேலிடத்தைக் கேட்டுக்கொண்டார். மேலிடம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இலண்டனுக்குச் சென்று நூலகத் தொழிலைப் பயின்று வரவேண்டும். திரும்பிய பின்னரும் பிடிக்கவில்லையாயின் கணித விரிவுரையாளர் பதவிக்குத் திரும்பிவிடலாம். உலக நூலகவியலின் போக்கை மாற்றிய ஒரு வாழ்க்கை, ஒரு பயிற்சி வாய்ப்பினால் தீர்மானிக்கப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அன்று அந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்யப்படாதிருந்தால், கணித ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றார் என்பதற்குமேல் வரலாற்றில் எழுத எதுவும் இருந்திராது.

இலண்டனில் கண்ட காட்சி

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் இரங்கநாதன் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் இருந்த பேர்விக் சேயேர்ஸ். கூர்ந்து நோக்கும் இம்மாணவனின் இயல்பை உணர்ந்த அவர், வகுப்பறையோடு நின்றுவிடாமல் நாடெங்குமுள்ள நூலகங்களை நேரிற் சென்று பார்க்குமாறு ஊக்குவித்தார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை இரங்கநாதன் பார்வையிட்டார்.

அங்கே அவர் கண்டது நூல்களை மட்டுமன்று. கடையில் வேலை செய்வோர், முதியோர், தாய்மார், பிள்ளைகள் என்று எல்லாத் தரத்தாரும் நூலகத்துக்கு வந்துபோவதைக் கண்டார். இதற்கெல்லாம் அடிப்படை 1850இல் இங்கிலாந்து இயற்றிய பொது நூலகச் சட்டம் என்பதையும், நூலகத்துக்கென்றே வரி விதிக்கும் அதிகாரத்தை நகரசபைகளுக்கு அச்சட்டம் அளித்தது என்பதையும் அறிந்துகொண்டார். ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து பெருஞ்செல்வரான அன்ட்ரூ கார்னெகி உலகெங்கும் நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் வழங்கியதை யாவரும் அறிவர். ஆனால் கட்டடச் செலவில் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்துவதற்கு ஒதுக்குவதாக நகரத்தார் உறுதியளித்தாலன்றி அவர் பணம் கொடுப்பதில்லை. கொடையினால் ஒரு நூலகத்தைத் தொடங்கலாம், ஆனால் வரியினால்தான் நடத்தலாம் என்பதை அந்தக் கொடையாளியே அறிந்திருந்தார்.

இலண்டனில் பல்பொருள் அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியை இரங்கநாதன் கண்டார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு விதமாகப் பொருத்தி விதம்விதமான பொம்மைகளை ஆக்கும் கருவி அது. அறிவுத்துறைகளையும் அவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துத் தேவைக்கேற்பப் பொருத்தலாம் என்ற எண்ணம் அவருள் உதித்தது. ஒரு நூல் எதைப் பற்றியது, அது எதனால் ஆனது, அதில் நிகழும் செயல் யாது, எவ்விடத்தில், எக்காலத்தில் என்று வினவி, விடைகளைக் குறியீடுகளால் இணைக்கும் முறை அவ்வாறு பிறந்தது. முக்காற்புள்ளியைத் திருகாணியாகக் கொண்டமையால் அது கோலன் பகுப்புமுறை எனப் பெயர் பெற்றது. 1933இல் அது நூலாக வெளிவந்தது. இன்று அதனை முழுமையாகக் கைக்கொள்ளும் நூலகங்கள் மிகச் சிலவே. எனினும் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்துத் தேடும் அதன் உள்ளடக்கம், கணினி வழித் தேடல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஐந்து விதிகள்

1925இல் சென்னைக்குத் திரும்பியவர் கணித வகுப்பை மறந்தார். நூலகத்தைத் திறந்து வைக்கும் நேரத்தை நீடித்தார். வாசகர் தாமே தட்டுக்களுக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்கும் உரிமையை நடைமுறைப்படுத்தினார். நூல் களவுபோகும் என்று அஞ்சியோருக்கு, பூட்டி வைத்த நூலும் களவுபோன நூலும் வாசகனுக்கு ஒன்றே என்பது அவர் செயலால் தந்த விடை. இருபது ஆண்டுகள் அந்நூலகத்தில் ஓய்வறியாது உழைத்தார். 1936இல் கடற்கரையோரத்துப் புதிய கட்டடத்துக்கு நூலகம் இடம்பெயர்ந்ததும் அவர் காலத்திலேயே.

இத்தொழிலின் அடிப்படை யாது என்ற வினா அவரை நெடுநாள் அலைக்கழித்தது. 1928இல் ஒருநாள் அவர் இதுபற்றிக் குழம்பியிருந்த வேளையில் வந்த பேராசிரியர் றோஸ், முதல் விதியை இயல்பாக எடுத்துக் கொடுத்ததாகவும், ஏனைய நான்கும் அதன் வழி தாமே அமைந்ததாகவும் இரங்கநாதன் பின்னர் பதிவு செய்துள்ளார். நூல்கள் காத்து வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதலாவதன் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாவது. 1931இல் நூலாக வெளிவந்த இவ்விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவருக்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

இவற்றுள் இரண்டாவது விதியே அவருடைய பிற்கால வாழ்வை நடத்தியது. ஒவ்வொருவருக்கும் நூல் உண்டு என்றால், ஏழைக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு, குக்கிராமத்து உழவருக்கும் உண்டு, எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டவும் ஒருவர் உண்டு. அவ்வாறாயின் அதற்கான செலவை ஏற்பவர் யார்? அப்பணியைச் செய்யும் ஊழியருக்குக் கற்பிப்பவர் யார்? இரங்கநாதன் மற்றவர்களிலிருந்து வேறுபடுவது, இக்கேள்விகளைத் தவிர்க்காமல் எதிர்கொண்டதில்தான்.

பயிற்சிப் பள்ளி

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோற்றம் பெற்றது. அதன் செயலாளர் பொறுப்பை இரங்கநாதன் ஏற்றார். மறுவருடமே, 1929இல், சங்கத்தின் சார்பில் கோடைகாலப் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். இலண்டனில் தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், கடல் கடக்க வசதியற்றவர்களுக்கு உள்ளூரிலேயே கொடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1931இல் பல்கலைக்கழகமே அப்பள்ளியைப் பொறுப்பேற்றது. 1930களின் பிற்பகுதியில் அது பட்டதாரிகளுக்கான ஓராண்டுப் பட்டயக் கல்வியாக வளர்ந்தது. அங்கே பயின்றோர் இந்தியாவின் பல பாகங்களுக்கும் சென்று நூலகங்களைச் சீரமைத்தனர்.

அதே காலத்தில் கிராமங்களையும் அவர் மறக்கவில்லை. 1931 ஒக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. ஓய்வுபெற்ற பொறியியலாளர் கனகசபைப் பிள்ளை அதற்கு வண்டி செய்தளித்து ஊர் ஊராக நூல்களை அனுப்பினார். நூலகச் சங்கத்தின் பரப்புரையில் விளைந்த பயன் அது. மோட்டார் வாகனத்துக்குக் காத்திராமல், தெருவில் இருக்கும் மாட்டையும் வண்டியையும் கொண்டே தொடங்கலாம் என்பதை அது உணர்த்திற்று.

சட்டம் பிறந்த கதை

மாட்டுவண்டி ஒரு நல்ல மனிதரின் ஈகையால் ஓடியது. அந்த மனிதருக்குப் பின் யார் என்ற கேள்வி இரங்கநாதனை விட்டகலவில்லை. 1930இல் காசியில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டமொன்றை அவர் முன்வைத்தார். நூலகம் அரசின் கடமை. அதற்கெனத் தனி வரி வேண்டும். அவ்வரி வேறு செலவுகளோடு கலவாமல் தனி நிதியத்தில் சேரவேண்டும். அதனை நிருவகிக்கப் பொறுப்பான சபை வேண்டும் என்பன அதன் சாரம். 1930களில் சென்னைச் சட்டசபையில் மேற்கொள்ளப்பட்ட முயற்சி நிறைவேறவில்லை. வரி என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒதுங்கிக்கொள்வது அரசியலாளரின் இயல்பு. அதற்காக அவர் தளர்ந்துவிடவுமில்லை, வரிப்பகுதியை நீக்கிவிட்டு வெறும் அலங்காரச் சட்டமொன்றைப் பெற்றுக்கொள்ளவுமில்லை.

பதினெட்டு ஆண்டுகள் சென்றன. நாடு விடுதலையடைந்த பின், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. வீட்டுவரியோடு சிறு நூலகவரி சேர்த்து அறவிடப்பட்டது. சென்னை நகருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நூலக ஆணைக்குழு அமைந்தது. மாவட்டங்களில் திரளும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் வழங்கவேண்டும் என்று சட்டம் விதித்தது. 1950இல் கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமாயிற்று. சிற்றூர்களில் கிளை நூலகங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் வாடகைக் கட்டடமொன்றில் இரண்டு நாளேடுகளையும் சில நூறு புத்தகங்களையும் வைத்து ஒரு தலைமுறைக்கு வாசிப்பைப் பழக்கிய கிளை நூலகத்தின் வேர் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றது.

குறைகளும் இல்லாமலில்லை. உள்ளூராட்சி அமைப்புகள் அறவிட்ட நூலகவரியை உரிய காலத்தில் நூலகத்துக்குச் செலுத்துவதில்லை என்ற முறைப்பாடு பல்லாண்டுகளாகத் தொடர்ந்து வந்துள்ளது. பிற மாநிலங்கள் பின்னர் இயற்றிய சட்டங்களுட் சில, 1967இல் இயற்றப்பட்ட மகாராட்டிரச் சட்டம்போல, நூலகவரியை ஏற்கவேயில்லை. சட்டம் இருப்பது ஒன்று, அதனைக் காவல் செய்வது வேறொன்று. ஆயினும் சட்டம் இருந்தமையால்தான் வரவேண்டிய பணம் வரவில்லை என்று கேட்பதற்கேனும் மக்களுக்கு உரிமை இருந்தது.

தில்லியும் பெங்களூரும்

சென்னைப் பல்கலைக்கழகத்தோடு ஏற்பட்ட மனக்கசப்பினால், இருபது ஆண்டுப் பணிக்குப் பின் அவர் விலகினார். 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் இராதாகிருஷ்ணன் அவரை அழைத்தார். அங்கே இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, நூலகவியலில் முதுகலைக் கல்வியையும் கலாநிதிப் பட்ட ஆய்வையும் தொடக்கி வைத்தார். 1950இல் இந்தியா முழுவதற்குமான 30 ஆண்டு நூலக வளர்ச்சித் திட்டத்தை எழுதி வெளியிட்டார். பல்கலைக்கழக மானியக்குழு அமைத்த நூலகக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது, நூலகருக்கும் விரிவுரையாளருக்கும் ஒரே தகுதியும் ஒரே ஊதியமும் வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஊதியம் போதாமையால் ஆசிரியத் தொழிலை விட்டு வந்தவர் அவர். ஊதியமின்றித் தொழிலுக்கு மதிப்பில்லை என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

1956இல் தம் வாழ்நாட் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, தம் மனைவி சாரதாவின் பெயரோடு நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஒன்றை நிறுவச் செய்தார். எந்நிறுவனத்திலிருந்து மனங்கசந்து வெளியேறினாரோ அதே நிறுவனத்துக்கே அக்கொடை சென்றது. தாமோ எளிய கதராடையோடும் எளிய உணவோடும் வாழ்ந்தார். 1957இல் பெங்களூரில் குடியேறினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆதரவில் ஆவணவாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை அங்கே தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். இறுதிவரை மாணவர்களோடு உழைத்து, 1972 செப்டெம்பர் 27ஆம் நாள் எண்பதாவது வயதில் காலமானார். அவருடைய பிறந்தநாளாகப் பதிவான ஓகஸ்ட் 12ஆம் நாள் இந்தியாவில் நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் அவர் கைபட்ட கட்டடம்

நம் வாசகருக்கு இரங்கநாதன் அந்நியர் அல்லர். 1930களில் கே.எம். செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சி வளர்ந்து, 1935இல் யாழ்ப்பாண நகரசபையின் பொறுப்பில் வந்தது. பெரிய கட்டடமொன்று வேண்டும் என்ற எண்ணம் 1950களின் தொடக்கத்தில் வலுப்பெற்றபோது, களியாட்ட விழாக்களாலும் அதிட்டலாபச் சீட்டாலும் ஊரவர் நிதி திரட்டினர். அப்போது ஆலோசனைக்காக யாழ்ப்பாணத்தார் அழைத்த இருவருள் ஒருவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். மற்றவர் இரங்கநாதன். 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1959 ஒக்டோபர் 11ஆம் நாள் அந்த வெண்ணிறக் கட்டடம் திறக்கப்பட்டது.

1981 மே 31ஆம் நாள் இரவு அது தீக்கிரையாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப்பெற முடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. இரங்கநாதன் அப்போது உயிரோடில்லை. பின்னர் அக்கட்டடம் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. அதன் தட்டுக்களை நிரப்ப உலகெங்குமிருந்து நூல்கள் சென்றன. ஒரு நூலகத்தை எரிப்பதற்கு ஓர் இரவு போதும். அதனை உண்டாக்குவதற்கு ஓர் ஊரின் அரைநூற்றாண்டு உழைப்புத் தேவை என்பதை நம்மைவிட நன்கறிந்தோர் இலர்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றை இப்பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு காரணமுண்டு. புலம்பெயர்ந்த நகரங்களில் நம்மவர் தொடங்கிய தமிழ் நூல்நிலையங்கள் பல. நிலவறையொன்றிலோ, கோயில் மண்டபத்தின் பின்னறையிலோ, வார இறுதியில் தமிழ் வகுப்பு நடக்கும் பாடசாலையின் அலுமாரியொன்றிலோ அவை தோன்றின. ஆர்வமுள்ள ஒருவர் தம் சம்பளத்தில் வாடகை கொடுத்தார். அவர் நோயுற்றபோதோ, வேறு நகருக்குச் சென்றபோதோ, நூல்கள் பெட்டிகளுக்குள் போயின. அந்தப் பெட்டிகள் யாருடைய வாகனத் தரிப்பிடத்தில் ஈரம் பிடித்துக் கிடக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. கொடுத்தவர்களின் அன்பில் குறைவிருக்கவில்லை; அன்புக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கவில்லை.

வரி விதிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் நாம் வரி செலுத்துகிறோம். நாம் வாழும் நகரத்துப் பொதுசன நூலகம் நம் பணத்திலும் நடைபெறுகிறது. அங்கே ஒரு தமிழ்த் தட்டு வேண்டும் என்று எழுத்தில் கேட்பதும், கேட்டபின் அந்நூல்களை இரவல் எடுத்து வாசித்து அத்தேவையை மெய்ப்பிப்பதும் நம்மால் ஆகக்கூடியவை. நம் பிள்ளைகளுள் ஒருவர் நூலகத் தொழிலைப் பயில விரும்பினால், மருத்துவமும் பொறியியலும் அல்லாத தொழிலென்று முகஞ்சுளிக்காதிருப்பதும் நம் கையிலேயே உள்ளது. தனியே நூல்நிலையம் நடத்துவோர், நூல்களுக்குப் பட்டியலும், மாதந்தோறும் சிறு சந்தா செலுத்தும் உறுப்பினரும், தமக்குப்பின் பொறுப்பேற்கும் ஒருவரும் உண்டா என்று இன்றே பார்த்துக்கொள்வது நன்று.

கணித வகுப்புக்குத் திரும்பிப் போக ஆசைப்பட்ட ஓர் இளைஞருக்கு ஒரு பயணத்துக்கும் ஒரு பயிற்சிக்கும் வழி செய்யப்பட்டது. அதன் பலன் சீர்காழியில் தொடங்கி யாழ்ப்பாணம்வரை வந்து சேர்ந்தது. நாம் இன்று செய்து வைக்கும் சிறு ஏற்பாடு, நமக்குப் பெயர் தெரியாத ஒரு பிள்ளையை எந்த ஊரில் சென்றடையும் என்பதை யார் அறிவார்?